பட்டும் குடலை இட்லியும்: ஒரகடத்திலிருந்து காஞ்சிபுரம் கடைத்தெருவுக்கு

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதிக்குப் பக்கத்திலுள்ள பெரிய துணிச் சந்தை காஞ்சிபுரம். இங்கே துணிக்கென்றும் சாப்பாட்டுக்கென்றும் ஒரே கூரையின் கீழ் அமைந்த கட்டடம் கிடையாது. ஊரே சந்தையாக இருக்கிறது. பட்டுக் கடைகள் காந்தி ரோட்டிலும் டி.கே. நம்பி தெருவிலும், தறிகள் பிள்ளையார்பாளையத்து வீடுகளிலும், காய்கறி ரயில்வே ரோட்டு ராஜாஜி மார்க்கெட்டிலும், ஊரின் பெயர் சொல்லும் இட்லி சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயிலிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதற்கான வேளை உண்டு. இட்லிக்குக் காலை, தறிக்கு முற்பகல், புடவை பார்க்கப் பகல் வெளிச்சம் என்று வரிசை வைத்துக்கொண்டால் ஒரு வார விடுமுறை நாளிலேயே எல்லாவற்றையும் முடிக்கலாம். இந்த வரிசையில் தறியைக் கடைக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. புடவை எப்படி நெய்யப்படுகிறது என்று பார்த்தவருக்குக் கடையில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

போகும் வழி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 35 கி.மீ. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரம் தாண்டிப் போக வேண்டும். இந்த வழியில் வரும் வேலூர், பெங்களூர் பேருந்துகளில் பல ஊருக்குள் நுழையாமல் பைபாசிலேயே போய்விடும். அதனால் ஏறும் முன், "காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு போகுமா?" என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

ஒரகடத்திலிருந்து வருவோருக்கு வண்டலூர்–வாலாஜாபாத் சாலைதான் நேர்வழி. தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போகும் பேருந்துகள் இதில் ஓடுகின்றன. வாலாஜாபாத்தைத் தாண்டியதும் வரும் அய்யம்பேட்டையும் முத்தியால்பேட்டையும் நெசவாளர் ஊர்கள். சிங்கபெருமாள்கோயில் பக்கம் தங்கியிருப்போர் செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம், திருமால்பூர் வரை போகும் ரயிலைப் பிடிக்கலாம். அந்தத் தடத்தில் வண்டிகள் குறைவு என்பதால் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும்.

நகருக்குள் ஷேர் ஆட்டோ போதும். பஸ் ஸ்டாண்டு பெரிய காஞ்சிபுரத்தில், கடைத்தெருவை ஒட்டி இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கும் சின்ன காஞ்சிபுரம் நகரின் கிழக்குப் பகுதி. பிள்ளையார்பாளையம் மேற்கே, கைலாசநாதர் கோயில் பக்கத்தில் இருக்கிறது.

நாளும் நேரமும்

கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை 4 மணி வாக்கில் திறக்கும். இட்லியும் தறியும் காலையிலேயே முடிந்துவிட வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். கடைகள் மதியமும் திறந்திருக்கும்.

தை, வைகாசி, ஆவணி போன்ற முகூர்த்த மாதங்களில் கல்யாணப் புடவை எடுக்கக் குடும்பம் குடும்பமாக வேனில் வந்து இறங்குவார்கள். அந்த நாட்களில் விற்பனையாளருக்கு நிதானமாக விளக்கம் சொல்ல நேரம் இருக்காது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் கூட்டம் குறைவு. ஆவணிக் கல்யாணத்துக்குப் பார்த்து வைக்கவும், தறியில் சொல்லி நெய்யவும் ஏற்ற மாதம் அதுதான். வைகாசியில் வரதர் கோயில் கருட சேவை நாளில் சின்ன காஞ்சிபுரத்தில் வண்டி நகராது. துணி வாங்க வருவோர் அந்த நாளைத் தவிர்த்துவிடலாம்.

பெரும்பாலான கம்பெனிகளில் ஞாயிறுதான் வார விடுமுறை. காந்தி ரோட்டுத் தனியார் கடைகள் ஞாயிற்றுக்கிழமையும் நடக்கும். கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்துக்கு முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுப் போவது நல்லது. நைட் ஷிப்ட் முடித்த கையோடு புடவை எடுக்கப் போவது பலன் தராது. நிறமும் இழையும் பார்க்கக் கண் தெளிவாக இருக்க வேண்டும்.

முதலில் இட்லி

ஹோட்டல்களில் காஞ்சிபுரம் இட்லி என்ற பெயரில் வருவது பெரும்பாலும் மிளகு, சீரகம் தாளித்த சாதா இட்லிதான். மூலமான இட்லி வரதராஜப் பெருமாளுக்குக் காலையில் நைவேத்தியமாவது. ஊரார் அதைக் குடலை இட்லி என்பார்கள். குடலை என்பது மூங்கிலில் பின்னிய நீண்ட கூடை.

பச்சரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்க வைப்பார்கள். அதில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் சேரும். குடலையின் உட்புறம் முழுக்க மந்தாரை இலையைப் பரப்பி, மாவை ஊற்றி, பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் ஆவியில் வேக வைப்பார்கள். இட்லித்தட்டில் பத்து நிமிடத்தில் வேகும் மாவு இங்கே கூடையின் நடு வரை ஆவி எட்டி வேக 3 மணி நேரம்போல ஆகும். எடுத்ததும் அது ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ள உருளையாக இருக்கும். வெளிப்புறத்தில் மந்தாரை இலையின் நரம்பு பதிந்திருக்கும். அதைக் கத்தியால் துண்டு போட்டுத் தருவார்கள்.

ருசி சாதா இட்லியிலிருந்து வெகுதூரம். மிருதுவாக இருக்காது, கனமாக இருக்கும். வாயில் முதலில் சுக்கின் காரமும் அடுத்து மிளகும் தெரியும். கடைசியில் மந்தாரை இலை வாசம் நிற்கும். சட்னி, சாம்பார் தேவைப்படாது. சுக்கும் மிளகும் நெய்யும் சேர்ந்திருப்பதால் மறுநாளும் கெடாது. விடுதி அறைக்கு எடுத்துப்போக இது வசதி.

பூஜை முடிந்த பிறகே பிரசாதக் கடையில் கிடைக்கும். அளவோடு செய்வதால் தாமதமாகப் போனால் தீர்ந்திருக்கும். முழுக் குடலையாக வேண்டுமானால் முன்னதாகவே மடப்பள்ளியில் சொல்லி வைக்க வேண்டும். அங்கேயே புளியோதரையும் மிளகு வடையும் பார்க்கலாம். கோயிலுக்குள் நூற்றுக்கால் மண்டபத்தின் தூண்களில் குதிரை வீரர்களும் யாளிகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒரு சுற்றுப் பார்த்து வைப்பது பின்னால் உதவும். யாளி, அன்னம், மயில், இருதலைப்பட்சி என்று புடவைக் கரையில் வரும் உருவங்கள் இந்த ஊர்த் தூண்களிலும் இருப்பவைதாம்.

தறி பார்த்தல்

பிள்ளையார்பாளையத்தில் தறி தனிக் கூடத்தில் இருக்காது. வீட்டின் முன்கட்டிலேயே இருக்கும். தரையில் பள்ளம் வெட்டி அதில் கால் விட்டு மிதிக்கும் குழித்தறி அது. வெளியாள் போய்ப் பார்க்கக் கட்டணமோ நுழைவுச் சீட்டோ இல்லை. கூட்டுறவுச் சங்கத்திலோ தெரிந்த கடையிலோ கேட்டால் ஓர் உறுப்பினர் வீட்டைக் காட்டுவார்கள். தெருவில் நேரே கேட்பதானால், "அண்ணா, தறி ஓடுறதைக் கொஞ்சம் பார்க்கலாங்களா?" என்று வாசலில் நின்றே கேட்க வேண்டும். பாவின் மேல் கை வைக்கக் கூடாது. வியர்வைக் கை பட்டால் பட்டில் கறை விழும். படம் எடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். டிசைன் வேறொருவர் சொல்லி நெய்வதாக இருக்கலாம். வேலை நேரம் போனால் கூலி போகும் என்பதால் பத்து நிமிடத்தில் நன்றி சொல்லிக் கிளம்புவதுதான் மரியாதை.

பார்க்க வேண்டியது மூன்று.

முதலாவது பாவு. நீளவாக்கில் கட்டப்பட்ட பட்டிழைகள் இவை. பெரும்பாலும் ஒரு பாவில் மூன்று புடவை வரும். குறுக்கே ஓடும் இழைக்கு ஊடை என்று பெயர். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்தும் வருகின்றன.  இங்கே இருப்பது சாயமும் கைவேலையும்தான்.

இரண்டாவது கோர்வை. புடவையின் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருக்க, இரண்டுக்கும் ஊடை இழையைச் சுமக்கும் நாடா தனித்தனியாக ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள். நெசவாளர் ஒரு கரை நாடாவை ஓட்டி, அதன் இழையோடு உடல் நாடாவின் இழையைக் கோர்த்துத் தள்ளுவார். மறுமுனையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உதவியாள் அதை அந்தப் பக்கத்துக் கரை இழையோடு கோர்ப்பார். பிறகு ஒரு மிதி, ஓர் அடி. இப்படி இழைக்கு இழை நடந்தால்தான் அரக்குக் கரை பச்சை உடலோடு பிரியாமல் பிணையும். உடல் கிழிந்தாலும் கரை கழன்று வராது என்று நெசவாளர்கள் சொல்வது இந்தப் பிணைப்பை வைத்துத்தான்.

அந்த உதவியாள் இடம் இன்று பல தறிகளில் காலியாக இருக்கிறது. முன்பு வீட்டுப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான நடவடிக்கைகளும் படிப்பும் அவர்களை எழுப்பிவிட்டன. வளர்ந்த பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ் ஏறினார்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., கேன்டீன் சாப்பாடு என்று கிடைக்கும் வேலையை விட்டுப் புடவைக்கு இவ்வளவு கூலி என்று கிடைக்கும் தறியில் உட்கார ஆளில்லை. அதனால் ஒரே ஆள் நெய்யக்கூடிய, கோர்வை இல்லாத புடவைகள் பெருகின. கடையில் கோர்வைக்கு ஏன் கூடுதல் விலை சொல்கிறார்கள் என்பதற்குப் பதில் அந்தக் காலி இடம்.

மூன்றாவது பெட்னி. உடலும் முந்தியும் வேறு வேறு நிறமாக இருந்தால், உடல் முடியும் இடத்தில் முந்தி நிறப் பாவிழைகளை ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். இரண்டு நிறப் பாவும் சிறிது தூரம் சேர்ந்து நெய்யப்பட்ட பிறகு பழைய நிறத்தை வெட்டி எடுப்பார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் துணி சற்றுத் தடித்திருப்பது தெரியும். புடவையின் வேலைப்பாட்டைப் பொறுத்து ஒன்றை நெய்து முடிக்கப் பத்து நாளும் ஆகலாம், இருபது நாளைத் தாண்டியும் போகலாம்.

கடை வகைகள்

காஞ்சிபுரத்தில் பட்டு விற்போர் மூன்று வகை.

கூட்டுறவுச் சங்கங்கள் நெசவாளர்களையே உறுப்பினர்களாகக் கொண்டவை. சங்கம் பட்டும் ஜரிகையும் கொடுத்து, கூலி தந்து, புடவையை வாங்கி விற்கும். அறிஞர் அண்ணா, முருகன், திருவள்ளுவர், காமாட்சியம்மன், வரதராஜசுவாமி ஆகிய பெயர்களில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. முதல் பெயருக்குரிய சி.என். அண்ணாதுரை 1909இல் இதே ஊரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். சங்கங்களில் விலை குறித்த சீட்டு இருக்கும், பேரம் இல்லை. ரகங்கள் குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஜரிகை பற்றிய கேள்விக்கு நேர்பதில் கிடைக்கும். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் தமிழகம் முழுதும் உள்ள கைத்தறிச் சங்கங்களின் துணிகளை விற்கும் தலைமைச் சங்கம். அங்கே பருத்தி ரகங்களும் கிடைக்கும்.

காந்தி ரோட்டின் பெரிய தனியார் கடைகளில் ரகமும் நிறமும் ஏராளம். கைத்தறியும் விசைத்தறியும், அசல் ஜரிகையும் மாற்று ஜரிகையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். எது எந்த மாடியில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, வீட்டிலேயே விற்கும் முதலாளிகள். பல தறிகளுக்குப் பாவு கொடுத்து நெய்விப்பவர்கள் இவர்கள். விலை குறையலாம், பில், முத்திரை, திருப்பிக் கொடுக்கும் வசதி எல்லாம் ஆளைப் பொறுத்தது. தெரிந்தவர் மூலமாகப் போனால் சரி. கோயில் வாசலில், "நேரா தறியிலேயே வாங்கித் தர்றேன், வாங்கக்கா" என்று அழைத்துப்போகிறவருக்கு அந்தக் கடையில் கமிஷன் உண்டு. அது புடவை விலையில்தான் ஏறும்.

புடவையைச் சோதிக்கும் முறை

தொழிற்சாலையில் பொருளைச் சோதித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே பொருளில் நான்கு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இழை பட்டா? நெய்தது கையா? ஜரிகை அசலா? கோர்வை உண்டா? ஒன்றுக்கு ஆம் என்பதால் மற்றதற்கும் ஆம் என்று ஆகிவிடாது.

இழை: குஞ்சத்திலிருந்து பாவு இழை ஒன்றும், ரவிக்கைத் துணியின் ஓரத்திலிருந்து ஊடை இழை ஒன்றும் எடுத்து எரித்துப் பார்க்கலாம். பட்டு தலைமுடி கருகும் நாற்றத்தோடு மெல்ல எரிந்து, விரலில் பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். இரண்டு இழையையும் சோதிப்பது முக்கியம். ஒன்று பட்டாகவும் மற்றது வேறாகவும் நெய்வது உண்டு. நல்ல கடையில் கேட்டால் அவர்களே எரித்துக் காட்டுவார்கள்.

நெசவு: புடவையின் இரு ஓரங்களிலும் வரிசையாக நுண்ணிய ஊசித் துளைகள் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். தறியில் துணியை விரித்துப் பிடிக்கும் கோலின் முனைகள் பதிந்த தடம் அது. கைத்தறியில் ஆங்காங்கே ஓர் இழை சற்று நெருங்கியோ விலகியோ இருக்கும். முழுப் புடவையிலும் ஒரு மாற்றமும் இல்லாமல் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். புடவை உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கும் சட்டம் 1985 முதல் இருக்கிறது. இருந்தும் விசைத்தறிப் புடவைகள் கைத்தறி என்ற பெயரில் விற்பனைக்கு வருவது நின்றபாடில்லை.

கோர்வை: கரையும் உடலும் சேரும் இடத்தில் புடவையைப் புரட்டிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். இரண்டு நிற ஊடையும் ஒன்றையொன்று வளைத்துப் பிடித்த பிணைப்பு கோடாகத் தெரியும், விரலிலும் தட்டுப்படும். கரை நிறம் உடலுக்குள்ளும் கசிந்து ஓடியிருந்தால் அது கோர்வை அல்ல. கோபுர முனை போல உடலுக்குள் ஏறி நிற்கும் முக்கோணக் கரையில் இந்தப் பிணைப்பு இன்னும் நுட்பமாகிறது. அதை நெய்யத் தெரிந்த கைகளும் குறைவு.

ஜரிகை: அசல் ஜரிகையில் சிவப்புச் சாயமிட்ட பட்டு நூலைச் சுற்றி வெள்ளிக் கம்பி முறுக்கப்பட்டு, அதன் மேல் தங்க முலாம் ஏற்றப்பட்டிருக்கும். ஓர் இழையை நகத்தால் சுரண்டிப் பிரித்தால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும். வெள்ளையாகவோ பிளாஸ்டிக் பட்டையாகவோ இருந்தால் மாற்று ஜரிகை. 1971இல் காஞ்சிபுரத்தில் அமைந்த அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் தயாரிக்கும் ஜரிகையின் அளவுகோல் தங்கம் 0.5, வெள்ளி 40, தாமிரம் 35.5, பட்டு 24 சதவீதம். ஜரிகையை மார்க் என்ற கணக்கில் விற்பார்கள். ஒரு மார்க் 242 கிராம். அசலுக்கும் மாற்றுக்கும் இடையில் ஆஃப்பைன், டெஸ்டெட் என்று சொல்லும் ரகங்கள் உண்டு. அவற்றை வாங்குவதில் தவறில்லை. அசல் விலை கொடுத்து வாங்குவதுதான் நஷ்டம். ஜரிகையில் எந்த உலோகம் எவ்வளவு என்று நொடியில் காட்டும் கருவி சில சங்கங்களிலும் பெரிய கடைகளிலும் இருக்கிறது. விலையுயர்ந்த புடவை எடுக்கும்போது அதில் வைத்துக் காட்டும்படி கேட்கலாம்.

முத்திரைகளைப் பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும். 2004இல் வந்த சில்க் மார்க், இழை தூய பட்டு என்று மட்டும் சொல்கிறது. கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்கிறது. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு, இன்ன வட்டாரத்தில் இன்ன முறையில் ஆனது என்பதற்கானது. சில்க் மார்க் ஒட்டிய விசைத்தறிப் புடவையும் இருக்கலாம். அது பொய்யும் ஆகாது.

நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யக் கூடாது. வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரிக்கச் சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த புடவை, மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறித் தெரியும். எம்.எஸ். நீலம் என்று கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துப் போடுவார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் நெய்துதந்த நீலம் அது.

விலையும் பில்லும்

மாற்று ஜரிகையும் விசைத்தறியுமான புடவை சில ஆயிரம் ரூபாயில் முடியும். கைத்தறியில் பட்டும் அசல் ஜரிகையும் கோர்வையும் சேர்ந்தால் பல பத்தாயிரத்தைத் தொடும். வெள்ளி விலை ஏறினால் புடவை விலையும் ஏறும். ஒரே மாதிரி தோன்றும் இரண்டு புடவைகளின் விலை பெரிதும் மாறினால், எடையையும் ஜரிகை அளவையும் கேட்க வேண்டும்.

பில்லில் கைத்தறி, தூய பட்டு, ஜரிகையின் ரகம் ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாயால் சொன்னது பின்னால் நிற்காது. தீபாவளியை ஒட்டிக் கோ-ஆப்டெக்ஸிலும் சங்கங்களிலும் தள்ளுபடி அறிவிப்பார்கள். போனஸ் கைக்கு வரும் நேரமும் அதுவே என்பதால் தொழிற்பகுதியிலிருந்து வருவோருக்குப் பொருந்தும். தனியார் கடையில், "அண்ணே, இதுக்கு மேல குறைக்க முடியாதா?" என்று கேட்பது வழக்கம்தான். ஆனால் முதல் விலையிலேயே பாதி குறையுமானால், அந்த முதல் விலையை எதற்காகச் சொன்னார்கள் என்று யோசிக்க வேண்டும்.

நிறமும் கரையும் சொல்லி நெய்யக் கொடுத்தால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். முன்பணத்துக்கு ரசீதும், நிற மாதிரியாக ஒரு துண்டு நூலும் வாங்கிக்கொள்வது நல்லது. குஞ்சம் கட்ட, ஃபால்ஸ் தைக்கக் கடைக்குப் பக்கத்திலேயே ஆட்கள் உண்டு. "பழைய பட்டுப் புடவை வாங்கப்படும்" என்ற பலகைகளும் கண்ணில் படும். பழைய புடவையின் ஜரிகையிலுள்ள வெள்ளிக்காக வாங்குகிறார்கள். வீட்டில் கிழிந்துபோன பாட்டியின் கூறைப்புடவை இருந்தால், குப்பை என்று தள்ளாமல் இரண்டு இடத்தில் விலை கேட்கலாம்.

பட்டு வேண்டாம் என்பவர்களுக்கு காஞ்சி காட்டன் இருக்கிறது. அகலக் கரையும் கட்டமும் உள்ள இந்தப் பருத்திப் புடவைகள் வேலைக்குக் கட்டத் தோதானவை.

மார்க்கெட்டும் மதியச் சாப்பாடும்

ராஜாஜி மார்க்கெட்டின் பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, அதே ரயில்வே ரோட்டில் புதிதாகக் கட்டப்பட்டது. காய்கறி, வாழை இலை, வெற்றிலை, பழம் என்று சுற்றுப்புறக் கிராமங்களின் விளைச்சல் இங்கே வந்து சேரும். காலையில்தான் வரத்து அதிகம். கோடையில் இந்த வட்டாரத்தின் நுங்கும், தை மாதத்தில் பனங்கிழங்கும் ஊரெங்கும் சாலையோரங்களில் விற்கும்.

மதியச் சாப்பாட்டுக்குக் கடைத்தெருவைச் சுற்றி வாழை இலை போடும் சைவ ஹோட்டல்கள் உண்டு. கோயில் ஊர் என்பதால் அவைதாம் அதிகம். அசைவம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கிடைக்கும். எண்ணெய்க் கையோடு பட்டுக் கடைக்குப் போக முடியாது என்பதால் முதலில் புடவை, பிறகு சாப்பாடு என்று வைத்துக்கொள்வது உத்தமம். ஹோட்டலில் டம்ளர் வடிவில் வரும் காஞ்சிபுரம் இட்லியையும் ஒன்று வாங்கிக் காலையில் தின்ற குடலை இட்லியோடு ஒப்பிடலாம்.

தைவான் விருந்தினருடன் வரும்போது

சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலை வந்த பிறகு தைவான் மேலாளர்களும் பொறியாளர்களும் இந்தப் பகுதியில் பழகிய முகங்களாகிவிட்டார்கள். அவர்களைக் கூட்டிவரும்போது ஓர் ஒப்பீடு பேச்சைத் தொடங்க உதவும். தைபேயின் பழைய வணிகப் பகுதியான திஹுவா தெருவில் யோங்லெ மார்க்கெட் என்ற உள்ளரங்கச் சந்தை இருக்கிறது. கீழே இறைச்சி, காய்கறி, சாப்பாட்டுக் கடைகள். அதற்கு மேல்மாடி முழுக்கத் துணிச் சுருள்கள். அதற்கும் மேலே தையற்காரர்கள். பக்கத்திலேயே நகர்க் காவல் தெய்வத்தின் கோயில். துணியெடுத்து, அளவு கொடுத்து, இறங்கி வந்து எண்ணெய்ச் சோறு சாப்பிட்டுப் போவார்கள். பிசுபிசுப்பான அரிசியில் செய்யும் அந்தச் சோறு, குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறையும்போது உறவுக்கெல்லாம் கொடுத்தனுப்புவது. கோயிலும் துணியும் விசேஷச் சாப்பாடும் ஒரே தெருவில் கூடுவது அவர்களுக்குப் புதிதல்ல.

அவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவை சில. இங்கே புடவைத் துணியை வெட்டி அளந்து விற்க மாட்டார்கள். ரவிக்கைத் துணியோடு சேர்ந்து ஆறு மீட்டர்போல முழுசாகவே வரும். கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கருவறை வரை எல்லோரையும் அனுமதிப்பதில்லை. பட்டு அங்கவஸ்திரமோ சால்வையோ அவர்களுக்குப் புடவையைவிடப் பயன்படும். குடலை இட்லியில் மிளகு தூக்கலாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடலாம்.

வீட்டுக்கு வந்த பின்

பட்டுப் புடவையைக் கடையின் பிளாஸ்டிக் உறையிலேயே விட்டுவைத்தால் ஈரம் கோர்த்து ஜரிகை கறுக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைக்க வேண்டும். அந்துருண்டையோ சென்ட்டோ ஜரிகையில் நேராகப் படக் கூடாது. சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து நிழலில் ஆற விட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் இருந்தால் அந்தக் கோட்டில்தான் முதலில் இழை விடும். கட்டியதும் வியர்வை உலரக் காற்றாட விட்டே உள்ளே வைக்க வேண்டும். முதல் சலவை உலர் சலவையாக இருக்கட்டும்.

குடலை இட்லியை மந்தாரை இலையோடு, மூடிய டப்பாவில் அடைக்காமல் துணியில் சுற்றி வைத்தால் மறுநாள் ஷிப்டுக்கு எடுத்துப்போகலாம். ஆறிய துண்டைத் தோசைக்கல்லில் நெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்கப் புரட்டினால் சுக்கு வாசம் திரும்ப எழும். பில்லும் முத்திரைச் சீட்டும் புடவையோடு சேர்ந்தே பெட்டியில் இருக்கட்டும். பின்னாளில் குறை சொல்லவோ விற்கவோ நேர்ந்தால் அவைதாம் கேட்கப்படும்.